பாகிட்டோ டிரிவேராவிடம் வேகத்தை மட்டும் கேட்காதீர்கள்

கியூபா ஜாஸ் கலைஞர் பாகிட்டோ டிரிவேரா சாக்ஸபோன் வாசிக்கும் காணொளியை யார் பகிர்ந்தாலும் கீழே ஒரே பாராட்டுதான்: "என்னா ஸ்பீடு!" ஸ்பீடு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதே ஸ்பீடில் வாசிக்கிற ஜாஸ்காரர்கள் எத்தனையோ பேர், கியூபத் தாளக் குழுவோடு நின்றால் எட்டுச் சுற்றுக்குள் தடுமாறுகிறார்கள். அவர்களை மாட்டிவிடுவது கிளாவே, கியூப இசைக்கு அடிப்படையான தட்டு வரிசை.

பதினாறு எண்ணிக்கையில் ஐந்து தட்டு: 1, 4, 7, 11, 13. நம் கணக்கில் 3+3+4+2+4. பேஸ் (கீழ்ச்சுரத் தந்தி வாத்தியம்) வாசிப்பவர் இதன்மேல், நாலு பீட் கொண்ட ஒவ்வொரு அளவிலும், முதல் பீட்டைப் பெரும்பாலும் தொடவே மாட்டார். நாலாவது பீட்டிலேயே அடுத்த கார்டுக்கு (சுரக்கூட்டுக்கு) போய்விடுவார். ஸ்விங் என்ற அமெரிக்க ஜாஸ் நடை பழகியவர் என்ன செய்கிறார்? நோட்டுகளை நெட்டையும் குட்டையுமாக ஆட்டுகிறார், சோலோவின் ஒவ்வொரு வரியையும் முதல் பீட்டில் கொண்டுபோய் இறக்குகிறார். பேஸ் அங்கே இல்லை. ஒரு வரியில் இது தெரியாது. பத்து வரி தொடர்ந்தால் தாளமே கனத்துவிடும். டிரிவேரா வாசிப்பதும் பெபாப் என்ற வேக ஜாஸ் பாணியின் சொற்கள்தான். ஆனால் நோட்டுகள் சமமாக ஓடும், வரி பீட்டுக்கு நடுவில் எழும்பும்.

1948இல் ஹவானாவில் பிறந்தவர். அப்பா டிட்டோ சாக்ஸபோன் கலைஞர், வாத்தியங்களும் விற்றவர். மகனுக்கு ஐந்து வயதில் வளைந்த சின்ன சொப்ரானோ சாக்ஸபோனைக் கொடுத்தார். கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேன் 1938இல் கார்னகி ஹாலில் வாசித்த இசைத்தட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிளாரினெட் ஆசை அங்கே தொடங்கியதுதான். இரண்டையும் கையாள்வது லேசில்லை: ஸ்தாயி மாற்றும் மேல்சாவியை அழுத்தினால் சாக்ஸபோன் எட்டாவது சுரத்துக்கு ஏறும், கிளாரினெட் பன்னிரண்டாவதுக்கு ஏறும். ஒன்றில் பழகிய விரல் மற்றொன்றில் பொய் சொல்லும்.

1967இல் கியூப அரசு அமைத்த, இவரும் இருந்த இசைக்குழுவின் பெயரில் 'ஜாஸ்' இல்லை, 'நவீன இசை' என்றிருந்தது. அந்தச் சொல் அப்போது அங்கே ஆகாது. 1973இல் பியானோ கலைஞர் சூச்சோ வால்தெஸோடு இராக்கெரே என்ற குழு. அந்தக் குழு கிராமி வாங்கிய 1980இலேயே இவர் மாட்ரிடில் குழுவை விட்டு விலகி அடைக்கலம் கேட்டார். மனைவியும் மகனும் ஹவானாவில். 1988இல் அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் யுனைடெட் நேஷன் ஆர்கெஸ்ட்ரா.

இனி அவர் சோலோ கேட்கும்போது மேஜையில் பென்சிலால் அந்த ஐந்தைத் தட்டிக்கொண்டே கேளுங்கள். ஆல்ட்டோ சாக்ஸபோனின் எல்லைக்கும் மேலே போவாரே, அந்தக் கீச்சு இடம். அங்கே பலர் வாயில் வைக்கும் ரீடை (அதிரும் நாணல் தகட்டை) கடித்துவிடுவார்கள். சுருதி ஏறும், ஒலி மெலியும். இவர் உச்சியில் நிற்பதைவிட, திரும்பி இறங்கும்போது எந்தத் தட்டில் கால் வைக்கிறார் என்று பாருங்கள்.