ஒரு ரூம், பதினோரு பேர், ஒரு வீடியோ

அந்த வீடியோவைத்தான் சொல்கிறேன். நேற்றிலிருந்து எனக்கே எட்டு பேர் சிரிப்பு பொம்மையோடு அனுப்பிவிட்டார்கள். கதவைத் தட்டாமல் திறந்து, திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கும் வெளிமாநிலப் பையன்கள் முகத்தில் லைட் அடித்து, "ஒரே ரூம்ல பதினோரு பேர் பாருங்க மக்களே, இவங்களுக்கு இப்படி இருந்தே பழக்கம்" என்கிறாரே ஒருவர், அது.

பழக்கமாம். அந்த ரூமுக்கு வாடகை தலைக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறார்கள் என்பது திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியாதா? பதினோராவது பையன் பெட்டியோடு வந்து நின்றபோது வீட்டுக்காரர் முகம் சுளித்தாரா, காசை எண்ணினாரா?

1994ல் தேனிப் பக்கமிருந்து வந்தவர்கள் நாங்கள். பனியன் கம்பெனியில் அப்பா ஓவர்லாக் மெஷினில் தையல், அம்மா தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங். குடியிருந்தது லைன் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்று. ஒன்பது வீட்டுக்கு ரெண்டு கக்கூஸ். காலையில் வாளி வரிசையில் நிற்கும், நாங்கள் பக்கத்தில் நிற்போம். அம்மா மட்டும் நாலு மணிக்கே இருட்டில் போய்விட்டு வந்துவிடுவார், ஞாயிற்றுக்கிழமைகூட. பெரியம்மா வந்து ரெண்டு நாள் தங்கியதற்கு வீட்டுக்காரம்மா தண்ணிக்காசு தனியாக வாங்கினார். அதுவும் எங்கள் பழக்கம்தான் போல.

இப்படிச் சொன்னால் உடனே பதில் வருகிறது: "ஊர்ல இதைவிட மோசமாத்தானே இருந்தாங்க?" இருக்கலாம். அதற்காக இங்கே வாடகையில் தள்ளுபடி உண்டா?

"வீட்டுக்காரருக்கும் பேங்க் கடன் இருக்கு." சரி, ஒத்துக்கொள்கிறேன். 2011ல் ஐகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடியபோது லைன் காலியாகி, தவணை கட்ட முடியாமல் அழுதவர்களை எனக்கே தெரியும். அப்புறம்? கடன் இருந்தால் அடுத்தவன் தூங்குவதைப் படம் எடுக்கலாமா?

"தங்க இடம் கொடுக்க வேண்டியது கான்ட்ராக்டர், எங்களை ஏன் திட்டுற?" வெளிமாநிலத் தொழிலாளிக்குக் கான்ட்ராக்டர் தங்குமிடம் தர வேண்டும் என்று 1979லேயே சட்டம் போட்டார்கள். கொடுத்த லட்சணம்தான் வீடியோவில் தெரிகிறதே! துணி வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட்டை அடைத்த தலையணை, அதுவும் ரெண்டு பேருக்கு ஒன்று.

2020ல் இதே பையன்கள் ரயிலேறி ஊருக்குப் போனபோது "ஆள் இல்ல, ஆர்டர் நிக்குது" என்று அலறியது யார்? டிக்கெட் போட்டு, பஸ் அனுப்பிக் கூட்டி வந்தது யார்? அன்றைக்கு அழுக்கு கண்ணில் படவில்லை. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் எங்கள் ஊர்தான் என்று மேடையில் மார்தட்டும்போதும் படுவதில்லை. அதைத் தைக்கிறவன் எங்கே படுக்கிறான் என்று கேட்டால் மட்டும், ஊரைக் கேவலப்படுத்துகிறேனாம்.

"நீ இப்ப சொந்த வீட்டுல உக்காந்து பேசுற." ஆமாம், இன்னும் பதினாலு வருஷத் தவணை பாக்கி இருக்கும் சொந்த வீடு. அதில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். லைன் வீட்டில் இருந்தபோது பேசியிருந்தால் சாயங்காலமே சாமானைத் தெருவில் வைத்திருப்பார்கள்.

அனுப்பிய எட்டு பேரில் ஒருவன், எங்கள் பழைய லைனில் மூன்றாவது வீடு. தினமும் எங்கள் வாளிக்குப் பின்னால்தான் அவன் வாளி நிற்கும். இப்போது அவனே ரெண்டு லைன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறான். அவன் போட்ட சிரிப்பு பொம்மை மூன்று.