கால்ல சின்ன கட்டின்னு விட்டுடாதீங்க

கொல்கத்தால செடி கொடி ஆராய்ச்சி பண்ற 61 வயசுக்காரருக்கு ரோஜாக் குடும்பச் செடிகளுக்கு வர்ற ஒரு பூஞ்சையால கழுத்துல சீழ் கட்டுச்சு, சுகர் கூட இல்லாத மனுசன்னு ஒரு செய்தி படிச்சேன். படிச்சதும் எங்க சித்தப்பா ஞாபகம்தான், அவருக்கும் பூஞ்சைதான், ஆனா கால்ல. போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்பு, செருப்பு போடாமயே தண்ணி பாய்ச்சுவாரு, ஜுரம்னு ஒரு நாள் படுத்ததில்ல. எப்பவோ சீமைக்கருவேல முள்ளு குத்துன எடத்துல சின்னதா ஒரு கட்டி, வலியே இல்ல, அதான் பிரச்சனையே, வலிச்சிருந்தா உடனே போயிருப்பாரு. ஆணிக்கால்னு ஒரு கிளினிக்ல அறுத்து விட்டாங்க, திரும்ப வந்துச்சு, ரெண்டு வருசம் இப்படியே ஓடிப்போச்சு. அப்புறம் பாதம் வீங்கி அங்கங்க ஓட்டை விழுந்து, கட்டு பிரிச்சப்ப பஞ்சுல ராகிய விட சின்னதா கருப்பு கருப்பா ஒட்டியிருந்துச்சு, நானே பாத்தேன். பெரிய ஆஸ்பத்திரில சதை எடுத்து டெஸ்ட் பண்ணிதான் பூஞ்சைன்னே தெரிஞ்சுது. இதுக்கு பேரே மதுரா கால், நம்ம மதுரைல 1842லயே டாக்டருங்க எழுதி வச்ச நோய், உலக சுகாதார நிறுவனம் கவனிக்கப்படாத நோய் லிஸ்ட்ல சேத்தது 2016லதான். விட்டா எலும்பையே அரிச்சிடும். இட்ராகோனசோல் மாத்திரை மாசக்கணக்கா சாப்பிட்டாரு, ஆபரேசன்ல ரெண்டு வெரல் போச்சு, கால் தப்பிச்சுது. தோட்ட வேலை பாக்கறவங்க கால்ல வலியில்லாத கட்டி இருந்தா டாக்டர்கிட்ட முள்ளு குத்துனதையும் சேத்து சொல்லுங்க, சித்தப்பா அத யார்கிட்டயும் சொல்லவே இல்ல.