பட்டறை எங்கே நின்றது?

இலங்கையின் மலையகத்தில் ஒரு யுத்த நினைவுத் தகட்டைப் பற்றி எழுதினால், "வெள்ளைக்காரத் துரைமாருக்கு வைத்த தகடு, நமக்கு என்ன வந்தது?" என்ற கேள்வி கூடவே வந்துவிடும். அண்மையில் நான் அப்படியொரு தகட்டின் படத்தைப் பகிர்ந்தபோதும் அதைத்தான் பலர் கேட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்த மலைகளில் செத்துப் புதைந்த நம்முடையவர்களுக்கு ஒரு கல்லைக்கூட எவரும் நடவில்லை. இருந்தும் அந்தத் தகட்டை நாம் காப்பாற்ற வேண்டும், அது பதிக்கப்பட்டிருந்த பட்டறை நின்ற இடத்தையும் கண்டறிய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அது ஒரு பித்தளைத் தகடு. தேயிலை இயந்திரங்களைப் பொருத்தியும் பழுதுபார்த்தும் வந்த ஒரு கம்பனி, முதலாம் உலக யுத்தத்தில் உயிரிழந்த தன் ஊழியர்களுக்காகப் பட்டறைச் சுவரில் பதித்தது. கம்பனி கைமாறியது, பட்டறை மூடப்பட்டது, தகடு இப்போது வேறொரு கட்டடத்தின் களஞ்சிய அறையில் சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது. ஊர்ப் பெயரை நான் எழுதாததற்கு ஒரே காரணம், பழைய பித்தளைக்கு இன்று கிடைக்கும் விலை. தகட்டில் பெயர்கள் மட்டுமே உள்ளன. யார் என்ன வேலை செய்தார், எந்த ஊர்ப் பட்டறையில் செய்தார் என்று ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கம்பனிக்கோ வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு ஊர்களில் பட்டறைகள் இருந்தன.

பெயர் கிடைத்தால் ஆள் கிடைத்துவிடுவார் என்று நினைக்கத் தோன்றும். பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பதிவுகளை இணையத்தில் எவரும் தேடலாம். படைப்பிரிவு, இறந்த திகதி, அடக்கம் செய்யப்பட்ட இடம் எல்லாம் அதில் இருக்கும். யுத்தத்துக்கு முன் அவர் எங்கே வேலை செய்தார் என்பது பெரும்பாலும் இருக்காது. ஒரே முதலெழுத்தும் ஒரே குடும்பப் பெயரும் கொண்டவர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள்.

இதில் இலங்கைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 1900இல் தொடங்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை முழுக்க ஐரோப்பியர்களைக் கொண்டது. 1914 ஒக்டோபரில் அதிலிருந்து 8 அதிகாரிகளும் 229 ஏனைய தரத்தினரும் கப்பலேறி எகிப்துக்குப் போனார்கள். துருக்கியின் கலிபோலிப் போர்முனையில் ஜெனரல் பேர்ட்வுட்டின் தலைமையகக் காவலாக அந்தப் படையினர் நின்றிருக்கிறார்கள். ஆனால் எகிப்தில் இறங்கியவர்களில் பலர் பிரித்தானியப் படைப்பிரிவுகளில் அதிகாரிகளாக நியமனம் பெற்றுப் பிரிந்து போய்விட்டார்கள். அதனால் மலையக ஊரான ஹட்டனிலிருந்து போன ஒருவரின் மரணம், ஹட்டனோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு படைப்பிரிவின் கணக்கில் கிடக்கும். அவரை மீட்க ஒரு வழிதான் உண்டு. அவர் வேலை செய்த ஊரை முதலில் பிடித்தால், அந்த ஊர்த் தேவாலயத்தின் பதிவேடும், அந்த ஆண்டுக்குரிய பெர்குசன் டிரெக்டரியும் மிச்சத்தைச் சொல்லும். யார் எங்கே என்ன தொழில் பார்த்தார் என்பதை ஆண்டுதோறும் அச்சிட்ட தடித்த நூல் அது. இடம் தெரியாவிட்டால் இந்த இரண்டுமே பயன்படாது.

ஆகவே பட்டறைகளுக்கு வருகிறேன். மலையகத்தின் இரும்பு வேலை, தேயிலைக்கு முந்தியது. ஜோன் வோக்கர் 1854இல் கண்டியில் தொழில் தொடங்கியபோது இங்கே கோப்பிதான் இருந்தது. கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரத்துக்குத்தான் கிராக்கி. 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலை முழுவதும் தேயிலைக்கு மாறியது. 1875இல் பிரவுண் கம்பனி ஹட்டனில் தொடங்கப்பட்டது. அப்போது அங்கே ரயில்கூட வரவில்லை. 1884இல்தான் ஹட்டனுக்கு ரயில் வந்தது, மறு ஆண்டு நானு ஓயாவுக்கு, 1894இல் பண்டாரவளைக்கு, 1924இல் பதுளைக்கு. இந்த ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடுங்கள். மாட்டுவண்டிப் பாதையை நம்பிய காலத்துப் பட்டறையை ரயில் நிலையத்தருகே தேடிப் பயனில்லை. ரயில் வந்த பின் தொடங்கியதை நிலையத்துக்கு எட்டத்தில் தேடுவதும் வீண். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓர் அங்குல வரைபடத் தாள்கள் இதற்குப் பெரும் துணை. இன்று கடைத்தெருவாகவோ பஸ் தரிப்பிடமாகவோ மாறிவிட்ட நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்பதை அவை காட்டித்தரும்.

வரைபடத்தைவிடப் பெரிய ஆதாரம் வயதானவர்கள். இயந்திரங்களைப் பொருத்தும் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் என்னைக் கடைகளுக்குப் பின்னால் அழைத்துப் போய், புல் மூடிய ஒரு கொங்கிரீட் மேடையைக் காட்டினார். அதில் துருப்பிடித்த போல்ட் தண்டுகள் இன்னமும் நிமிர்ந்து நிற்கின்றன. எஞ்சின் நின்ற இடம் அது. சற்றுத் தள்ளி மண்ணைக் காலால் கிளறினார், கரி கலந்து கறுப்பாக இருந்தது. உலை இருந்த இடம். அங்கே நின்றபடியே பழைய ஆட்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். வார்ப்பு வேலை செய்த பாஸ் (கைதேர்ந்த தொழிலாளி) யார், கொல்லுப் பட்டறையில் சம்மட்டி அடித்தவர்கள் யார், யாருடைய விரல்கள் போயின, யார் வேலைக்குப் போனவர் பிணமாக வந்தார், எந்த வீட்டுப் பிள்ளை அப்பனுக்குச் சோறு கொண்டுவரும்போது என்ன பாட்டுப் பாடும் என்பது வரை. தகட்டில் உள்ள பெயர்களைப் பற்றிக் கேட்கப்போன எனக்கு, தகட்டில் இல்லாத ஒரு முழுப் பட்டறையே கிடைத்தது. வீட்டில் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் அவர் இவ்வளவும் சொல்லியிருப்பார் என்று நான் நம்பவில்லை. "நமக்கு என்ன வந்தது" என்பவர்களுக்கு என் பதில் அந்தக் கொங்கிரீட் மேடைதான்.

இயந்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் தேயிலைத் தொழிற்சாலைகளில் வளர்ந்தவர்களுக்கு 'சிரோக்கோ' என்ற பெயர் தெரியாமல் இருக்காது. கொழுந்தைக் காயவைக்கும் அடுப்பு இயந்திரத்தில் அந்தப் பெயர் வார்க்கப்பட்டிருக்கும். அதை உருவாக்கிய சாமுவேல் டேவிட்சன் அசாம் பக்கத்துக் கச்சாரில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1881இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் சிரோக்கோ தொழிற்சாலையைத் தொடங்கினார். அவருடைய மகன் ஜேம்ஸ் 1916 ஜூலை 1ஆம் திகதி, முதலாம் உலக யுத்தத்தின் சோம் சமரின் முதல் நாளிலேயே கொல்லப்பட்டார். என் தந்தை ஆயுள் முழுவதும் அந்த அடுப்பின் சூட்டில் நின்று வேலை செய்தவர். அந்தப் பெயர்த்தகட்டுக்குப் பின்னாலும் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் இருந்தார் என்று படித்த அன்று எனக்கு மனம் கனத்தது. லாகன் ஆற்றங்கரையில் இருந்த அந்தத் தொழிற்சாலையையும் இடித்துவிட்டார்கள். கொழுந்து அரைக்கும் ஜாக்சன் ரோலர்களைச் செய்த மார்ஷல் கம்பனியின் தொழிற்சாலை இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரில் இருந்தது. அதன் பழைய கட்டடங்கள் 2007 முதல் கடைத்தொகுதியாக இருக்கின்றன. மார்ஷல் யார்ட் என்று பழைய பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். பெயராவது மிஞ்சியது. நம் ஊரில் பட்டறை போனால் பெயரும் சேர்ந்தே போய்விடுகிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில் நம்மவர்களின் பங்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? 1940 ஜூலையில் பிரித்தானியாவில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது, ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ். அந்தத் தேயிலையில் ஒரு பங்கு நம் பெண்கள் கிள்ளிய கொழுந்து. 1942இல் மலாயா விழுந்தபின் நேச நாடுகள் இறப்பருக்கு இலங்கையைத்தான் பெரிதும் நம்பியிருந்தன. அதே ஆண்டு பர்மாவும் விழ, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் அடுப்புகளில் சோறு குறைந்தது, வேலை குறையவில்லை. அந்த யுத்தம் தொடங்கிச் சில மாதங்களில், 1940 ஜனவரி 10ஆம் திகதி, முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் தொழிலாளி கோவிந்தன் உயிரிழந்தார். அவரை இன்று நினைவுகூருகிறோம். தொழிற்சாலைக்குள் செத்தவர்களை நினைக்க நமக்கு இருந்தது ரோதைமுனி என்ற காவல் தெய்வம் ஒன்றுதான். இயந்திரம் ஆளைக் காவு வாங்கக்கூடாது என்று பொங்கல் வைத்துக் கும்பிட்டோம். பலியானவர்களின் பெயர்கள் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டிலும் தோட்டத்து மரணப் பதிவேட்டிலும் இருந்தன. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளிடம் போனபோது அந்தப் புத்தகங்களில் எவ்வளவு கறையானுக்கும் குப்பைக்கும் போயின என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

எந்தத் தோட்டம், அதில் எந்த டிவிஷன் (தோட்டப் பிரிவு) என்ற விவரத்தின் அருமை நமக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்கும் தெரியாது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் எங்கே பிறந்தான் என்பதற்குச் சான்று கேட்டது. காட்ட முடியாதவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். போனவர்களில் பட்டறை ஆட்களும் இருந்தார்கள். அதனால்தான் இந்தத் தேடலை ஹட்டனோடும் கண்டியோடும் நிறுத்தக்கூடாது என்கிறேன். நம் பழைய பட்டறைகளை நேரில் கண்டவர்கள் இன்று தமிழ்நாட்டின் நீலகிரியில், கோத்தகிரியிலும் கூடலூரிலும் முதுமையில் இருக்கிறார்கள்.

களஞ்சிய அறையில் கிடக்கும் அந்தத் தகட்டை இனி எங்கே வைப்பது என்று கேட்டால், என் நிலை இதுதான். கொழும்புக்குக் கொண்டுபோகக்கூடாது. பட்டறை நின்ற ஊரிலேயே, அந்த இடத்துக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு பலகையில், அங்கே உழைத்துச் செத்த நம்மவர்களின் பெயர்களைத் தமிழில் எழுத வேண்டும். அருங்காட்சியகத்துக்குப் போகும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும், அது எந்தத் தோட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்ற குறிப்பு இருக்க வேண்டும். ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலையைத் திருத்தித் தேயிலை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். கட்டடம் அதே இடத்தில் நிற்பதால்தான் உள்ளே இருக்கும் இரும்புக்கு அங்கே பொருள் இருக்கிறது.

மூடிக்கிடக்கும் தொழிற்சாலைகளில் இரும்பு இப்போது கிலோக் கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் தோட்டத்தில் ரோலரோ அடுப்போ டர்பைனோ மிச்சம் இருந்தால், பெயர்த்தகடும் இலக்கமும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு, நம் மக்கள் அழைக்கும் தமிழ்ப் பெயரையும் டிவிஷனையும் சேர்த்து எழுதுங்கள். பழைய ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), பழைய பட்டறை என்று பெரியவர்கள் சொல்லும் இடம் எதுவாக இருந்தாலும், அவர்களை அங்கேயே அழைத்துப் போய் நிற்கவைத்துக் கேளுங்கள். நீலகிரியில் உறவினர் இருப்பவர்கள் இந்த வாரமே தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள். கிடைக்கும் விவரத்தை எனக்கு அனுப்பினால், பழைய வரைபடத் தாளோடு ஒப்பிட்டு, அனுப்பியவர் பெயரோடு இங்கேயே பதிவிடுகிறேன்.