கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுப்பது எதை?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டிக்கவே கூடாது என்று சிலர் சொல்வது சரியன்று. அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்வது உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும்தான். தவற்றை எடுத்துச் சொல்வதை அது தடுக்கவில்லை என்பதோடு, பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்றல் முன்னேற்றம் ஆகியவற்றைப் பேசுவதை 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமையாகவே வைத்திருக்கிறது. பிள்ளை அச்சமின்றிப் பேசத் துணைசெய்ய வேண்டும் என்னும் 29-ஆம் பிரிவை ஏனோ யாருமே எடுத்துக்காட்டுவதில்லை. இடத்தில் உட்காராமல் ஓடித் திரியும் இரண்டாம் வகுப்புப் பையனை வாசலில் முட்டி போட வைத்தால், இந்த வகுப்பில் தனக்கு இடமில்லை என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான். அவனிடமே நோட்டுகளை அடுக்கும் பொறுப்பைக் கொடுத்து, முடித்ததும் "ஒன்றுகூடக் கசங்காமல் அடுக்கியிருக்கிறாய்" என்று பெயர் சொல்லிப் பாராட்டுவதும் ஒழுங்குபடுத்தல்தான்.