சிலிண்டர் படத்துக்கு என் பதில்

என் மகள் கேஸ் சிலிண்டர் மாட்டுகிற போட்டோவை இங்கே போட்டிருந்தேன், அதற்கு வந்த கமெண்டுகளை எல்லாம் படித்தேன். பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை. எட்டாம் வகுப்பு படிக்கிற என் மகள், நான் பக்கத்தில் நிற்க, தன் கையால் ரெகுலேட்டரை மாட்டினாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காகத்தான் படத்தைப் போட்டேன். சின்னப் பிள்ளையை இந்த வேலை செய்ய விடலாமா என்று அதற்கு எத்தனை பேச்சு! அத்தை எழுதியதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஆபத்து. ஆபத்துதான், யார் இல்லை என்றது? ஆபத்து என்பதால்தானே சொல்லித்தருகிறேன். நாம் எல்லாம் வேலைக்குப் போன பிறகு, பள்ளி விட்டு வருகிற பிள்ளைதான் வீட்டுக் கதவைத் திறக்கிறது. உள்ளே கேஸ் நாற்றம் அடித்தால் அது என்ன செய்யும்? பழக்கத்தில் கை நேராக லைட் சுவிட்சுக்குத்தான் போகும். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கி நிற்கும். சுவிட்சில் வருகிற ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். லைட், ஃபேன் எதையும் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்த பிறகுதான் போனை எடுத்து, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐக் கூப்பிட வேண்டும். இது என் மகளுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு படிக்கிற மகனுக்கும் தெரியும். கோபிக்காமல் சொல்லுங்கள், உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா?

"அவ்வளவு கனத்தைத் தூக்க விட்டாயா" என்று கேட்டவர்களுக்கு: தூக்கவில்லை. 14.2 கிலோ கேஸ், இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோ வரும். கொண்டுவந்த அண்ணனே உள்ளே வைத்துவிட்டுப் போனார். அவள் செய்தது வேறு. அடுப்புக் குமிழ்களை மூடினாள், பூஜை அலமாரியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள், காலி சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றினாள். புதியதில் வாஷர் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். மாட்டிய பிறகு சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று கவனித்தாள். கழுத்துப் பட்டையில் எழுதியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் அவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். 'B-27' என்றால் 2027 ஜூனுக்குள் அந்த உருளையை மறுபடி சோதிக்க வேண்டும். படத்தைத் திட்டிய பெரியவர்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது அதைப் பார்த்துவிட்டு சிலிண்டரை வாங்கியிருக்கிறீர்கள்?

தெரிந்த பிள்ளைதான் பத்திரமாக இருக்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். எங்கள் ஊரில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி கிணற்றில் இறக்கித்தான் நீச்சல் பழக்கினார்கள். கிணற்றுப் பக்கமே போகாதே என்று வளர்த்த பிள்ளைகளை நினைத்துத்தான் பயந்தார்கள்.

ஒருவர் சட்டம் பேசினார், குழந்தைத் தொழிலாளர் என்று. 1986 சட்டத்தையும் 2016 திருத்தத்தையும் படித்துவிட்டு வாருங்கள் ஐயா. பள்ளி நேரம் போக, பிள்ளை வீட்டுக்கு உதவுவதை அது தடுக்கவில்லை. இதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

"இதெல்லாம் பள்ளியில் சொல்லித்தர வேண்டியது" என்றார் ஒரு தோழி. அது நியாயமான பேச்சு. ஜப்பானில் 1990-களிலிருந்து மேல்நிலைப் பள்ளி வரை ஆண், பெண் இருவருக்குமே மனையியல் கட்டாயப் பாடம். சமைக்கிறார்கள், தைக்கிறார்கள், வீட்டுச் செலவுக் கணக்கு போடுகிறார்கள். இங்கேயும் வந்தால் முதலில் கை தட்டுவது நான்தான். வரும்வரை பிள்ளை காத்திருக்குமா? சூடு பட்டால் பேஸ்ட், மை தடவாமல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதைச் சொல்லித்தர எந்தப் பாடத்திட்டம் வேண்டும்?

என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். ஊருக்கே வரவு செலவு பார்த்த மனுஷன். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் வெளியூரிலிருந்து போய்ச் சேர்ந்தேன். அம்மா படுக்கையிலிருந்தபடியே "சாப்பிட்டீங்களா" என்றார். "ஆச்சு ஆச்சு" என்றார் அப்பா. வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்பு பற்றவைத்த அடையாளமே இல்லை, மேசை மேல் வாழைப்பழத் தோலும் ரஸ்க் பாக்கெட்டும். லைட்டர் எந்த ஆணியில் தொங்குகிறது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் கேட்கக் கூச்சம். அவரை அடுப்படிப் பக்கமே விடாமல் வளர்த்தது பாசம்தான். அந்தப் பாசம் அறுபது வயதில் அவரைப் பட்டினி போட்டது. அன்று அவர் முகத்தைப் பார்த்தவள் நான். எனக்கு வந்து பாசத்தைப் பற்றி வகுப்பு எடுக்காதீர்கள்.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 299 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. அந்த 97-ம், வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களின் கணக்கு. நாலில் மூன்று ஆண்கள் தொடுவதே இல்லை. என் மகன் தன் டிபன் பாக்ஸைத் தானே கழுவுகிறான். அது உங்கள் கண்ணை உறுத்தினால் நான் என்ன செய்ய?

சரி, அத்தை. "அம்மா வேலைக்குப் போனால் பிள்ளை வீட்டு வேலைக்காரிதான்" என்று எழுதினீர்கள். சிரித்த முகமும் போட்டீர்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு, பஸ் பிடித்து ஓடுகிறவள் நான். பிள்ளைகளை எதிலும் குறை வைத்து வளர்க்கவில்லை. நான் வீட்டிலேயே இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லித்தந்திருப்பேன். வீட்டு வேலை செய்கிற அக்காக்களின் உழைப்பை வசையாக்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை. மாமாவின் காரியத்தில் வந்தவர்களுக்கெல்லாம் காபி கலந்து கொடுத்தது இதே பிள்ளைதான். அன்று "என் தங்கம்" என்று கட்டிக்கொண்டீர்களே.

என்னைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. போன் செய்யுங்கள், எடுப்பேன், திட்டினாலும் கேட்டுக்கொள்வேன். ஆனால் அவள் கண்ணில் படுகிற இடத்தில் எழுதாதீர்கள். அன்றே படித்துவிட்டாள், "நான் தப்பா பண்ணிட்டேனாம்மா" என்று கேட்டாள். எழுதியது நீங்கள். அந்தக் கேள்விக்கு நீங்களே அவளிடம் பதில் சொல்லுங்கள்.