பாசார் மாலாம்

சுங்கை சிப்புட் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கி வருவதற்குள் உயிரே போய்விடுகிறது. ஜெனரேட்டர் சத்தம் பல்லுக்குள் இறங்குகிறது. வெள்ளை விளக்கு கண்ணைக் குத்துகிறது. சட்டை லேபிளை வெட்டி எறிந்தாலும், தையலில் மிச்சம் நின்ற நாலு நூல் பிடரியில் முள்ளாய் உறுத்துகிறது. எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அளவில்! எதையும் பின்னுக்குத் தள்ள என் மூளைக்கு வராது.

“தோட்டத்துல வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் பழகாதா?” என்கிறார் பெரியம்மா. முப்பது வருஷமாகப் பழகவில்லை, பெரியம்மா. மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடே இதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. காதில் பஞ்சு வைத்தால் திமிராம்!

வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்து, காற்றாடிச் சத்தம்கூட இல்லாமல் வேர்க்க வேர்க்க இரண்டு மணி நேரம் படுத்துக் கிடந்தேன். கத்திரிக்காய் இன்னும் பையிலேயே இருக்கிறது.