பச்சை உடம்பும் இருபது கிலோ கொழுந்தும்

அம்மா தேயிலை மலையிலிருந்து வந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே காம்பரா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சின்ன வயதில் எங்களுக்குக் காரணம் தெரியாது. பழைய சேலைத் துணியை நாலாக மடித்து, கோவணம் மாதிரி இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் படங்குச் சாக்கையும் சுற்றிக்கொண்டுதான் அவர் கொழுந்துக்குப் போயிருக்கிறார். அந்தத் துணி மழையிலும் வேர்வையிலும் நனைந்து தொடையிடுக்கை உரசிப் புண்ணாக்கும். சாயங்காலம் அதை அவிழ்த்தால்தான் அவருக்கு மூச்சு வரும். இப்படிப் பதினெட்டு வருசம். நாலாவது பிள்ளையோடு அவருக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது. அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததே எனக்கும் அது வந்த பிறகுதான்.

மகன் பிறந்து ஆறு வாரம் இருக்கும். பீலிக் குழாயில் பிடித்த தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது கீழே ஏதோ நழுவுகிற மாதிரி இருந்தது. குளிக்கும்போது தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று ஒரு உருண்டை கையில் பட்டது. புற்றுநோய் என்றே முடிவு பண்ணி, அழுதுகொண்டே அம்மாவிடம் போனேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, "அழுவாத புள்ள, எனக்கும் இருக்கு. புள்ள பெத்தா அடி எறங்கத்தான் செய்யும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த "எறங்கத்தான் செய்யும்" என்ற சொல்தான் எத்தனையோ பெண்களைப் பேசவிடாமல் வைத்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து ஒரு தொட்டில் மாதிரி தாங்குவது இடுப்புத்தளத் தசைகள். பிரசவத்தில் அவை இழுபட்டுத் தளர்கின்றன. நெடுநேரம் முக்கியிருந்தால், பிள்ளை பெரிதாக இருந்தால், ஆயுதம் போட்டு எடுத்திருந்தால் இன்னும் கூடுதலாக. அப்புறம் மேலிருந்து அழுத்தம் விழ விழ உறுப்புகள் கீழே சரிகின்றன. பாரம் தூக்குவது, விடாத இருமல், மலச்சிக்கல் எல்லாமே அந்த அழுத்தம்தான்.

இனி எங்கள் மலையை நினைத்துப் பாருங்கள். ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18, 20 கிலோ கொழுந்து. அதைத் தலையில் வார் மாட்டி, முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, வழுக்குகிற சரிவில் ஏறி நிறுவைக்குப் போக வேண்டும். மலையில் கக்கூஸ் கிடையாது. அதனால் காலையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு சரி, பகல் முழுக்கத் தண்ணி குடிக்காமலே நிற்பார்கள். தண்ணி குடிக்காவிட்டால் மலம் இறுகும், முக்க வேண்டி வரும், முக்கினால் இன்னும் இறங்கும். வேலை முடிந்தால் விறகுக் கட்டு வேறு. பிரசவம் பாதி என்றால் இந்த வேலை மீதி என்பதுதான் என் எண்ணம். இதைப் பெண் பிறவியின் விதி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இலங்கையில் சட்டப்படி பிரசவ விடுமுறை 84 நாள். மூன்றாவது பிள்ளை முதல் அதில் பாதிதான் என்றிருந்ததை 2018இல் மாற்றி எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக்கினார்கள், நல்லது. ஆனால் 85ஆம் நாள் அவள் தூக்குவது மற்றவர்கள் தூக்கும் அதே பாரம்தான். பச்சை உடம்புக்காரி பச்சைத் தண்ணியில் கை வைக்கக்கூடாது, காற்றுப் படக்கூடாது என்று வீட்டில் அத்தனை பத்தியம் பார்க்கிறோம், கூடையை மட்டும் ஏன் முதுகில் ஏற்றுகிறோம்? முதல் ஆறு மாதமாவது நாற்று மேடையிலோ, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்திலோ வேலை கொடுங்கள். கொழுந்துதான் எடுக்க வேண்டுமென்றால் பாதிக் கூடையோடு இறக்கி வைக்கவாவது விடுங்கள். தொழிற்சங்கங்கள் சம்பளம் பேசும் மேசையில் இதையும் பேச வேண்டும்.

தளர்ந்த இடுப்புத்தளத் தசைக்கு எனக்குப் பயிற்சி சொல்லித் தந்தது மிட்வைப் அக்கா, எங்கள் மருத்துவிச்சி. மூத்திரத்தையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குகிற மாதிரி உள்ளே இழுத்து மேலே தூக்க வேண்டும். முடிந்த மட்டும் எண்ணிக்கொண்டே அப்படியே வைத்திருந்து, பத்து வரை போனால் நல்லது, பிறகு முழுசாக விட வேண்டும். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடிக்கக்கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக்கூடாது. இருமலோ தும்மலோ வந்தால், எதையாவது தூக்கப் போனால், முதலில் அந்தத் தசையை இறுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள், மூன்று நாலு மாதம் பிடிக்கும். எனக்கு நாலாவது மாதத்தில்தான் சாயங்காலப் பாரம் குறைந்தது. சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டினால் இந்தத் தசைக்குப் பலம் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்குப் பயிற்சி மட்டும் போதவில்லை, அவருக்குக் கர்ப்பப்பை வெளியே வந்துவிட்டது. கிளினிக்கில் டொக்டர் கர்ப்பப்பையைத் தாங்கும் ஒரு வளையத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சின்னப் பிள்ளையின் காப்பு அளவுதான், வளைத்தால் வளைகிறது. பெசரி என்கிறார்கள். அளவு பார்த்து உள்ளே வைத்து, அம்மாவை நடக்கச் சொல்லி, இருமச் சொல்லி, மூத்திரம் போகச் சொல்லிப் பார்த்தார்கள். நழுவவில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். நாற்றமோ ரத்தமோ வந்தால் உடனே போக வேண்டும். வளையம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒப்பரேஷன் இருக்கிறது, அதிலும் எல்லோருக்கும் கர்ப்பப்பையை எடுப்பதில்லை. அந்தப் பயத்திலேயே எத்தனையோ பேர் போகாமல் இருக்கிறார்கள்.

அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. மிட்வைப் வீட்டுக்கு வரும்போதே சொல்லலாம், பெண்களுக்கான வெல் வுமன் கிளினிக்கில் சொல்லலாம். மூத்திரம் அடைத்துக்கொண்டால் மட்டும் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய் திறக்க வெட்கமாக இருந்தாலோ, அங்கே பேசுகிற சிங்களம் வராவிட்டாலோ, தெரிந்த ஒருவரிடம் ஒரு துண்டில் எழுதி வாங்கிக் கொடுங்கள். அம்மாவும் அப்படித்தான் போனார். "கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, பதினெட்டு வருசமாக" என்று நான் எழுதிக் கொடுத்த துண்டை நாலாக மடித்து, கிளினிக் வாசல் வரைக்கும் கைக்குள்ளேயே பொத்திக்கொண்டு வந்தார்.